ஓடைநீரில் ஒரு குதிரைமுடி

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் மலையடிவார ஓடைகளின் ஓரம் நடப்பவர்கள் சில வேளைகளில் ஒரு விந்தையைக் காண்பதுண்டு. பாறைகளுக்கிடையே தேங்கிய தெளிந்த நீரில் கரும்பழுப்பு நிற நூல் ஒன்று கிடக்கும். தையல் நூல் என்றோ அறுந்த கம்பி என்றோ எண்ணிக் கடந்து போகிறவர்களே மிகுதி. சற்று நின்று பார்த்தால் அந்த நூல் மெல்ல வளையும். வளைந்து தன்னையே சுற்றிக்கொண்டு முடிச்சாகும். பிறகு அவசரமே இல்லாமல் அந்த முடிச்சை அவிழ்க்கும். அது நூலன்று, உயிருள்ள ஒரு புழு. குதிரைமுடிப் புழு என்பது அதன் பெயர்.

பெயருக்குப் பின்னால் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குதிரைகள் நீர் அருந்தும் தொட்டிகளில் இப்புழுக்கள் அடிக்கடி தென்பட்டன. குதிரையின் வாலிலிருந்து விழுந்த முடிதான் நீரில் ஊறி உயிர்பெற்றுவிட்டது என்று மக்கள் நம்பினர். 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் லெய்டி என்னும் அமெரிக்க உயிரியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். குதிரைமுடிகளை நீரில் இட்டுப் பல மாதங்கள் கவனித்தார். ஒரு முடிகூட அசையவில்லை. சிரிப்பை வரவழைக்கும் சோதனைதான். ஆனால், ஒரு நம்பிக்கையை மறுக்க வேண்டுமானால் இப்படித்தான் மறுக்க வேண்டும்.

அறிவியல் பெயரும் ஒரு கதையைச் சுமந்து நிற்கிறது. பண்டைய ஆசியா மைனரில் கோர்டியஸ் என்ற அரசன் ஒருவன் யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்றைப் போட்டுவைத்தானாம். மாவீரன் அலெக்சாண்டர் அதைத் தன் வாளால் வெட்டினான் என்பது கதை. தம்மைத்தாமே முடிச்சிட்டுக்கொள்ளும் இப்புழுக்களுக்கு ‘கோர்டியஸ்’ என்று 1758இல் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். இன்று இவை ‘நெமட்டோமார்ஃபா’ என்ற தனித் தொகுதியில் அடங்கும். ‘நூல் வடிவம் கொண்டவை’ என்பது அச்சொல்லின் பொருள். இதுவரை ஏறத்தாழ 360 இனங்களுக்குப் பெயரிடப்பட்டுள்ளது. உண்மையான எண்ணிக்கை 2,000ஐ எட்டலாம் என அறிவியலாளர் மதிப்பிடுகின்றனர்.

மலேசியாவில் ஓடையோரம் நடப்பவர்களுக்கு அட்டை பழக்கமானது, மண்புழுவும் பழக்கமானது. இவ்விரண்டிலிருந்தும் குதிரைமுடிப் புழுவை வேறுபடுத்திக் காண்பது எளிது. மண்புழுவுக்கு உடல் முழுவதும் வளையங்கள் உண்டு, இதற்கு இல்லை. அட்டைக்கு ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சிகள் உண்டு. இதற்கு அவையும் இல்லை. தலைமுதல் வால்வரை ஒரே பருமனில், மெல்லிய கம்பியைப் போல விறைப்பாக இருக்கும். சில இனங்களில் ஆண் புழுவின் வால்நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். இன்னும் சிலவற்றில் பெண்ணின் வால்நுனி மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும்.

இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குதிரைமுடிப் புழு மனிதரின் உடலில் ஒட்டுண்ணியாக வாழ்வதில்லை. வீட்டு நாய், பூனை, கோழி ஆகியவற்றின் உடலிலும் வாழ்வதில்லை. எப்போதாவது குளியலறை வாளியிலோ கழிப்பறைத் தொட்டியிலோ இது காணப்படும்போது, யாருடைய வயிற்றிலிருந்தோ வந்துவிட்டது என்று வீட்டார் பதறுவதுண்டு. உண்மையில் அது ஒரு பூச்சியின் வயிற்றிலிருந்து வந்தது. நீருக்குள் விழுந்த சில்வண்டோ கரப்பான் பூச்சியோ அதைச் சுமந்து வந்திருக்கும். பூச்சியைக் காணாமல் புழுவை மட்டும் காண்பதால் வருவதுதான் இந்தப் பதற்றம்.

பூச்சியின் வயிற்றுக்குள் அவ்வளவு நீளமான புழுவா என்ற கேள்வி எழுவது இயல்பு. குதிரைமுடிப் புழுவைப் பற்றிய செய்திகளில் மிகுந்த வியப்புக்குரியது அதன் உடல் அளவுதான். வளர்ந்த புழுக்கள் பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளவை. ஒரு மீட்டரைத் தாண்டுபவையும் உண்டு. மிக அரிதாக இரண்டு மீட்டர் அளவுள்ளவை பதிவாகியுள்ளன. ஆனால், பருமன் 1 மில்லிமீட்டர் முதல் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கும் மெலிந்தவை பல. தென் பிரான்சின் காடுகளில் வாழும் ஒரு சில்வண்டு வெறும் 1 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. அதனுள் வளரும் புழுவோ 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை நீளும். வீட்டுக்காரரைவிடப் பத்து மடங்கு நீளமான குடித்தனக்காரர்!

நீளத்தை மட்டும் பார்த்தால் இது நம்ப முடியாததாகத் தோன்றும். சிறு கணக்கு ஒன்று இதை விளக்கும். 12 சென்டிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் விட்டமும் உள்ள புழுவை ஓர் உருளையாகக் கொள்வோம். அதன் கன அளவு ஏறத்தாழ 24 கன மில்லிமீட்டர்தான். பாசிப்பயறு ஒன்றைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும். அவ்வளவு சிறிய பொருளை நூலாக இழுத்து, நூற்கண்டாகச் சுருட்டி, பூச்சியின் வயிற்றறைக்குள் வைத்தது போன்றதே இப்புழுவின் அமைப்பு. இன்னொரு புழு 30 சென்டிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் விட்டமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். நீளம் இரண்டரை மடங்குதான் கூடியிருக்கிறது. கன அளவோ பத்து மடங்காகிவிட்டது. விட்டம் இரு மடங்கானால் குறுக்குப்பரப்பு நான்கு மடங்காகும் என்பதே காரணம். ஆகவே, குதிரைமுடிப் புழுவின் அளவைக் கூற விரும்புவோர் நீளத்தோடு பருமனையும் சேர்த்தே கூற வேண்டும்.

இந்த அளவை முடிவு செய்வது புழு மட்டுமன்று. வளர்ந்த புழு எதையும் உண்பதில்லை. அதன் குடல் பயனற்றுச் சுருங்கிப் போயிருக்கும். பூச்சிக்குள் வாழும் காலத்தில் தன் மெல்லிய தோல் வழியாக உறிஞ்சிய சத்தே அதன் வாழ்நாள் முழுமைக்குமான சோறு. நீருக்குள் வந்த பிறகு அது ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. எனவே, ஓடையில் கிடக்கும் புழுவின் நீளத்தை அளப்பவர் உண்மையில் கரையில் வாழ்ந்த ஒரு பூச்சியின் கொழுப்பையும் சேர்த்தே அளக்கிறார். பெரிய கும்பிடுபூச்சியில் வளர்ந்தது பெரிதாக இருக்கும். சிறிய சில்வண்டில் வளர்ந்தது சிறிதாகவே இருக்கும். ஒரே பூச்சிக்குள் இரண்டு மூன்று புழுக்கள் அடைபட்டால் பங்கு குறையும், ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். ஒரே இனத்தைச் சேர்ந்த இரு புழுக்களின் நீளம் பெரிதும் வேறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். பாம்பையோ மீனையோ இனங்காண நீளம் ஓரளவு உதவும். இப்புழுவை இனங்காண அது அவ்வளவாக உதவாது. ஆய்வாளர்கள் தோலின் மேற்பரப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, அங்குள்ள நுண்ணிய மேடுபள்ளங்களைக் கொண்டே இனத்தைப் பிரித்தறிகின்றனர்.

பூச்சிக்குள் புழு எப்படிப் புகுந்தது? வளர்ந்த ஆணும் பெண்ணும் நீரில் சந்தித்து இணைகின்றன. பெண் புழு மெல்லிய நாடா போல முட்டைச் சரங்களை இடுகிறது. அச்சரங்களில் உள்ள முட்டைகள் பல இலட்சம். சில இனங்களில் பத்து இலட்சத்தையும் தாண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். வளர்ந்த புழுவின் உருவத்துக்கும் இதற்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. முன்பகுதியில் துளையிடும் கருவி ஒன்று மட்டும் உண்டு. நீரில் வாழும் சிறு பூச்சிகளின் இளவுயிரிகள், நத்தைகள் போன்றவை இதை விழுங்குகின்றன. விழுங்கப்பட்ட இளம்புழு அவற்றின் குடலைத் துளைத்துச் சென்று, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொண்டு உறங்குகிறது.

இங்கேதான் இதன் வாழ்க்கை இரு உலகங்களைத் தொடுகிறது. கொசுவைப் போலத் தோன்றினாலும் கடிக்காத சிற்றீக்கள் உண்டு. அவற்றின் இளவுயிரிகள் ஓடையின் அடிச்சேற்றில் வாழ்கின்றன. வளர்ந்து இறகு முளைத்ததும் அவை நீரைவிட்டு வெளியேறிப் பறக்கின்றன. உறங்கும் புழுவும் உடன் பயணம் செய்கிறது. அந்த ஈயைக் கும்பிடுபூச்சி பிடித்துத் தின்னலாம். செத்து விழுந்ததைச் சில்வண்டு மென்று தின்னலாம். உடனே உறை கரைகிறது, புழு விழிக்கிறது, வளரத் தொடங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான பென் ஹனெல்ட், ஜான் ஜானோவி ஆகிய இருவரும் இந்தச் சுழற்சி முழுவதையும் ஆய்வகத்திலேயே நடத்திக் காட்டி, 2004இல் வெளியிட்டனர். அவர்கள் வளர்த்த இனம் சில்வண்டுக்குள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முழு வளர்ச்சி பெற்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் ஒரு மாதத்தில் சாண் அளவு நூலாகிவிடுகிறது.

வளர்ந்த பிறகு ஒரு சிக்கல் எழுகிறது. புழு நீருக்குப் போயாக வேண்டும். ஆனால், அதைச் சுமக்கும் பூச்சிக்கு நீர் தேவையில்லை. சில்வண்டுக்கு நீச்சல் தெரியாது. கும்பிடுபூச்சி மரக்கிளையைவிட்டு இறங்குவதே அரிது. அப்படியிருந்தும் இப்பூச்சிகள் இரவில் தாமாகவே நீரில் குதிக்கின்றன. பிரான்சில் காட்டோரம் இருந்த ஒரு நீச்சல் குளத்தில் சில்வண்டுகள் இவ்வாறு குதிப்பதை ஆய்வாளர்கள் நேரில் கண்டனர். பிரெடெரிக் தோமாவும் அவருடைய குழுவினரும் 2002இல் இதைப் பற்றி எழுதினர். புழுவைச் சுமக்கும் சில்வண்டு நெடுந்தொலைவிலிருந்தே நீரை மணம்பிடித்துத் தேடி வருவதில்லை என்பது அவர்களுடைய முடிவு. அது வழக்கத்துக்கு மாறாக அங்குமிங்கும் அலைகிறது. அலையும்போது நீர் குறுக்கிட்டால் குதித்துவிடுகிறது. சில நிமிடங்களில் அதன் பின்புறத்திலிருந்து புழு நெளிந்து வெளியேறுகிறது. பூச்சி பெரும்பாலும் மூழ்கி இறக்கும். எப்போதாவது கரையேறிப் பிழைத்துக்கொள்வதும் உண்டு. குதித்த நொடியில் மீனோ தவளையோ அதை விழுங்கிவிட்டால் புழுவும் செத்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பர். விழுங்கிய மீனின் வாய் வழியாகவும் செவுள் வழியாகவும் புழு தப்பி வெளிவருவதை அதே நாட்டு ஆய்வாளர்கள் 2006இல் படத்துடன் காட்டினர்.

நீரைக் கண்டதும் பூச்சியை எது இழுக்கிறது? இக்கேள்விக்கு ஒரு நல்ல விடை ஜப்பானிலிருந்து வந்தது. கதிரொளி நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும்போது அதன் அலைகள் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கின்றன. மீன்பிடிப்போர் அணியும் ஒருவகைக் கறுப்புக் கண்ணாடி இவ்வொளியை மட்டும் தடுப்பதால்தான் நீருக்கடியில் உள்ளவை அவர்களுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. மனிதக் கண்ணால் பிரித்தறிய முடியாத இந்த அதிர்வைப் பல பூச்சிகளின் கண்கள் பிரித்தறியும். புழுவைச் சுமக்கும் கும்பிடுபூச்சிகள் இத்தகைய ஒளியை நோக்கி ஈர்க்கப்படுகின்றன என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. புழு இல்லாத கும்பிடுபூச்சிகளிடம் அந்த ஈர்ப்பு இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. ‘கார்டோடீஸ்’ பேரினத்தைச் சேர்ந்த ஒரு புழுவில், கும்பிடுபூச்சியின் மரபணுக்களை ஒத்த மரபணுக்கள் 1,400க்கும் மேல் இருப்பது தெரியவந்தது. பூச்சியிடமிருந்தே அவை பெறப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எதிரியின் மொழியைக் கற்றுக்கொண்டு அவனிடமே பேசுவது போன்றது இது.

நீர், கரை, பூச்சி ஆகிய மூன்றும் சேரும் இடமே குதிரைமுடிப் புழுவின் இருப்பிடம் என்பது இதுவரை கூறியவற்றிலிருந்து விளங்கும். அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இவை உள்ளன. கார்டோடீஸ் பேரினம் வெப்பமண்டலத்துக்கு உரியது. இனங்களின் எண்ணிக்கையிலும் அதுவே முதலிடம் வகிக்கிறது. அதன் புழுக்கள் பெரும்பாலும் கும்பிடுபூச்சிகளில் வளர்கின்றன. இந்தியாவிலும் கும்பிடுபூச்சியிலிருந்து வெளிவந்த கார்டோடீஸ் புழு ஒன்றைப் பற்றி 2004இல் ஆய்வுக் குறிப்பு வெளியானது. மலேசியக் காடுகளும் இவற்றின் வாழிடமே. கென்யாவில் கண்டறியப்பட்ட ஓர் இனத்துக்கு 2012இல் ‘பாராகோர்டியஸ் ஒபாமாய்’ என்று பெயரிடப்பட்டது. அன்றைய அமெரிக்க அதிபரின் தந்தை வளர்ந்த ஊருக்கு அருகில் அது கிடைத்ததே அப்பெயருக்குக் காரணம். அந்த இனத்தில் ஆண் புழுவே கிடையாது. பெண் புழு தனியாகவே முட்டையிட்டு இனம் பெருக்குகிறது. ஒரே ஒரு புழு ஓர் ஓடையை அடைந்தால் போதும். அங்கே புதிய குடியிருப்பு உருவாகிவிடும்.

ஓடையில் வளர்ந்த புழுக்களைக் கண்ணால் காண்பது நல்வாய்ப்பைப் பொறுத்தது. அவை சில வாரங்களே வாழ்ந்து, முட்டையிட்டு மடிந்துவிடும். ஆகவே, கண்ணில் படவில்லை என்பதைக் கொண்டு அங்கு இல்லை என்று முடிவு செய்வது தவறு. 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். அவர்கள் புழுவைத் தேடவில்லை, நத்தைகளைப் பொறுக்கினர். நத்தையின் உடலில் உறங்கும் உறைகள் இருந்தால் அந்த ஓடையில் புழு உண்டு என்று பொருள். இப்படித் தேடியபோது, அதுவரை எவரும் புழுவைக் கண்டிராத ஓடைகளிலும் அதன் தடயங்கள் கிடைத்தன. நத்தை ஓடையைவிட்டு எங்கும் ஓடிப்போகாத சாட்சி.

இச்செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டு கிள்ளான் ஆற்றைப் பார்க்கலாம். தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் பிறந்து, கோலாலம்பூரின் நடுவே புகுந்து, மலாக்கா நீரிணையில் கலக்கும் இவ்வாற்றின் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இவ்வளவு குறுகிய தொலைவில் மழைக்காட்டு ஓடை, அணைக்கட்டு, பெருநகரம், தொழிற்பேட்டை, சதுப்புநிலம் ஆகிய அனைத்தும் வந்துபோகின்றன. குதிரைமுடிப் புழு எங்கே வாழ முடியும், எங்கே முடியாது என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஆறு கிடைப்பது அரிது.

மலைப்பகுதியில் தொடங்குவோம். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றின் கிளைகளுள் ஒன்று. அதன் தலைப்பகுதியான உலு கோம்பாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. மரங்கள் ஓடையின் மேல் கவிந்து நிற்கும் இடம் அது. கிளையிலிருந்து தவறும் பூச்சி நேராக நீரில் விழும். ஓடையிலிருந்து பறக்கும் சிற்றீ சில அடி தொலைவிலேயே கும்பிடுபூச்சியின் கைக்கு எட்டும். புழுவின் வாழ்க்கைச் சுழற்சிக்கு வேண்டிய ஒவ்வொரு கண்ணியும் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளது. ஓடும் நீர் இளம்புழுக்களைக் கீழ்நோக்கி அடித்துச் சென்றாலும், பறக்கும் ஈக்கள் அவற்றை மீண்டும் மேல்நோக்கிச் சுமந்து வர முடியும். ஆற்றின் போக்குக்கு எதிராக ஒரு புழு ஏறுவதற்கு இதுவே வழி.

இத்தகைய காட்டோடையில் புழுவின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை ஜப்பானில் தக்குயா சாட்டோவும் அவருடைய குழுவினரும் அளந்து பார்த்தனர். ஒரு மலையோடையில் வாழும் நன்னீர் மீன்களின் வயிற்றை அவர்கள் ஆராய்ந்தனர். ஆண்டு முழுவதும் அம்மீன்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 60 விழுக்காடு, புழுக்களால் நீருக்குள் தள்ளப்பட்ட பூச்சிகளிலிருந்து கிடைத்தது. 2011இல் வெளியான முடிவு இது. மறு ஆண்டு அவர்கள் இன்னொரு சோதனையின் முடிவையும் வெளியிட்டனர். கரைப்பூச்சிகள் ஓடையில் விழாதபடி தடுத்தபோது, மீன்கள் நீரடியில் வாழும் சிற்றுயிர்களைத் தின்னத் தொடங்கின. அச்சிற்றுயிர்கள் குறையவே, அவை மேய்ந்துவந்த பாசி பெருகியது; உதிர்ந்த இலைகள் மக்குவது தாமதமானது. நூல் போன்ற ஒரு புழு விலகினால் ஓடையின் நிறமே மாறக்கூடும். ஒட்டுண்ணி என்றாலே கேடு என்று கருதும் வழக்கத்துக்கு இந்த எடுத்துக்காட்டு ஒன்றே போதிய மறுப்பு.

மலையிலிருந்து இறங்கினால் 1958இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை இருக்கிறது. அதற்கும் கீழே, பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகள் பள்ளத்தாக்கு எங்கும் பரவியுள்ளன. தித்திவங்சா ஏரியும் அவற்றுள் ஒன்று. ஓடும் நீர்தான் வேண்டும் என்று குதிரைமுடிப் புழு பிடிவாதம் பிடிப்பதில்லை; குளம், குட்டை, நீர்த்தொட்டி எதிலும் அது காணப்படும். கரையில் புல்லும் புதரும் இருந்து, அவற்றில் பூச்சி வாழ்ந்தால் போதும். கரையைச் சுற்றி நடைபாதை அமைத்துப் புல்லை ஒட்ட வெட்டிவிட்டால் நீர் இருந்தும் பயனில்லை.

கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகின்றன. நகரமே அங்கிருந்துதான் தொடங்கியது. அங்கிருந்து ஆறு பிரிக்பீல்ட்ஸ் பகுதியை ஒட்டி ஓடுகிறது. ஒரு காலத்தில் இப்பகுதியில் செங்கல் சூளைகள் இருந்தன. பெயரும் அதனால் வந்ததே. 1881இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்த பின்னர் வீடுகளைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அதற்கான கல் இங்கு சுடப்பட்டது. பின்னர் இரயில்வேயில் பணியாற்றிய தமிழர் பலர் இங்குக் குடியேறினர். இன்று ஆற்றின் இரு கரைகளும் காங்கிரீட் சுவர்கள். வெள்ளத்தை விரைவாகக் கடத்துவதற்கு அவை தேவைப்பட்டன என்பதை மறுக்க முடியாது. ஆனால், சுவரின் உச்சிக்கும் நீருக்கும் இடையே ஒரு புல்லும் இல்லை. ஆற்றைத் தூய்மைப்படுத்தும் முயற்சிகள் 2010களில் பெரிய அளவில் தொடங்கின. நீர் தெளிவது ஒருபுறம் இருக்க, கரை மண்ணாக இல்லாதவரை குதிரைமுடிப் புழுவின் சுழற்சி அங்கே அறுந்துதான் கிடக்கும். இப்புழுவுக்குத் தேவை நல்ல நீர் மட்டுமன்று. நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் உயிருள்ள கரையும் வேண்டும்.

நகரம் இன்னொரு தடையையும் வைத்திருக்கிறது. அது ஆற்றில் இல்லை, சாலையில் இருக்கிறது. தார்ச்சாலையின் கரிய வழவழப்பான பரப்பும் ஒளியைக் கிடைமட்டமாக அதிரச்செய்து தெறிக்கிறது. ஹங்கேரியில் ஆற்றில் முட்டையிட வேண்டிய ஒருவகை நீர்ப்பூச்சிகள் தார்ச்சாலையை நீர் என்று எண்ணி அதன்மேல் முட்டையிட்டது 1990களிலேயே பதிவாகியுள்ளது. புழுவைச் சுமக்கும் கும்பிடுபூச்சிகளும் அவ்வாறே ஏமாறுகின்றன என்று 2024இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினர். சாலையில் நடந்துகொண்டிருந்த கும்பிடுபூச்சிகளைப் பிடித்துப் பார்த்தபோது, மரத்தில் இருந்தவற்றைவிட அவற்றில் புழுவைச் சுமப்பவை மிகுதியாக இருந்தன. நீர் என்று நினைத்து இறங்கிய இடத்தில் நீர் இல்லை. வண்டிச் சக்கரமே வருகிறது. பூச்சியும் மடிகிறது; உள்ளே இருந்த புழுவும் வெயிலில் காய்ந்து மடிகிறது.

அந்த ஆய்வில் இடம்பெற்ற கும்பிடுபூச்சியின் பேரினம் மலேசியாவிலும் வாழ்கிறது. பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையைவிட, உலு கோம்பாக் காடுகளின் நடுவே செல்லும் கோலாலம்பூர் – காராக் நெடுஞ்சாலையை நினைத்துப் பார்ப்பதே இங்குப் பொருந்தும். நகரின் நடுவில் இழப்பதற்குப் புழு எஞ்சியிருப்பதே அரிது. காடும் ஓடையும் கைகோத்து நிற்கும் இடத்தில், அவ்விரண்டுக்கும் நடுவே தார்ச்சாலை ஒரு பொய்யான ஆறாக ஓடும்போதுதான் இழப்பு பெரிது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக ‘மின்னுவது நீர்’ என்ற கணக்கு இப்புழுவுக்குப் பிழைத்ததில்லை. தார்ச்சாலை வந்து நூறு ஆண்டுகளுக்குச் சற்றே மேல் ஆகிறது.

பிரிக்பீல்ட்ஸைக் கடந்த ஆறு பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் வழியாகக் கிள்ளான் நகரை நெருங்குகிறது. அங்கே கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றுக்குள்ளும் தெரியத் தொடங்கும். நீரில் உப்பு கலக்கும். கரையில் மீண்டும் மரங்கள் உண்டு. ஆனால், அவை உப்பு நீரைத் தாங்கும் சதுப்புநில மரங்கள். நன்னீர்க் குதிரைமுடிப் புழுக்களின் உலகம் இங்கே முடிந்துவிடுகிறது. இப்பெரும் தொகுதியில் ஐந்தே ஐந்து இனங்கள் மட்டும் கடலை வீடாகக் கொண்டவை. ‘நெக்டோனெமா’ என்பது அவற்றின் பேரினம். அவற்றுள் ஒன்று இந்தோனேசியக் கடற்பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. ஓடைப் புழுக்களைப் போல அவை அடியில் கிடந்து நெளிவதில்லை. உடலின் இரு பக்கமும் வரிசையாக அமைந்த நீந்தும் முட்கள் அவற்றுக்கு உண்டு. நீரோட்டத்தில் மிதந்து நீந்துகின்றன. கடலில் சில்வண்டு ஏது, கும்பிடுபூச்சி ஏது? அவை வளர்வது நண்டின் உடலிலும் இறாலின் உடலிலும். ஏற்கெனவே நீரில் வாழும் உயிரைக் கரையிலிருந்து இழுத்துவர வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.